16 வயதில் அறிமுகம், 19 வயதில் ரொனால்டோவின் பெனால்டி: கேவின் பஸுனுவின் பாதை எங்கே மாறியது?

நடுக்கோடு எழுதியது:

அயர்லாந்தின் கோல்கீப்பர்களைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எனக்குள்ள ஒரு குழப்பத்தை இங்கே விவரமறிந்த நண்பர்கள் தீர்த்துவைக்க வேண்டும்.

கேவின் பஸுனு 2018 ஜூன் மாதம் டப்ளினின் ஷாம்ராக் ரோவர்ஸ் அணிக்காக அயர்லாந்து லீக்கின் பிரீமியர் பிரிவில் முதன்முதலாகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 16. அடுத்த ஆண்டே மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கிக்கொண்டது. 2021 மார்ச் மாதம் லக்சம்பர்க் அணிக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் தேசிய அணியின் வலையைக் காத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று போர்ச்சுகலின் அல்கார்வே மைதானத்தில், சர்வதேச ஆட்டங்களில் அதிகக் கோல் அடித்தவர் என்ற உலகச் சாதனைக்கு ஒரு கோல் மட்டுமே தேவை என்ற நிலையில் பந்தை வைத்துவிட்டுப் பின்வாங்கிய கிறிஸ்டியானோ ரொனால்டோவின் பெனால்டியை வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ரொனால்டோ இரண்டு கோல் அடித்து வென்றுவிட்டார் என்பது உண்மைதான். ஆயினும் அன்றைக்கு 19 வயதுப் பையனைப் பார்த்தவர்கள், அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு அயர்லாந்துக்கு வேறு கோல்கீப்பரைத் தேட வேண்டியதில்லை என்றே எண்ணினோம்.

அதன்பின் நடந்ததோ வேறு. அவரைவிட மூன்று வயது மூத்தவரும், லிவர்பூலில் முதல் கோல்கீப்பர் அலிசனுக்குப் பின்னால் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தவருமான குயிவீன் கெலஹர்தான் இன்று தேசிய அணியின் முதல் தேர்வு. 2025 அக்டோபரில் லிஸ்பனில் ரொனால்டோவின் பெனால்டியைத் தடுத்தவரும் அவரே.

என் கேள்வி இதுதான். இளம் கோல்கீப்பரை மிகச் சீக்கிரம் மூத்தோர் ஆட்டத்துக்குள் இறக்கிவிடுவது அவருக்குத் தீங்கா? பஸுனுவும் கெலஹரைப் போலப் பெரிய கிளப்பில் பொறுமையாகக் காத்திருந்திருக்க வேண்டுமா? அல்லது நான் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறேனா?

ஒன்றாம் எண் எழுதியது:

நண்பரே, தவறான இடத்தில்தான் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 16 வயது அறிமுகம் பஸுனுவுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவருடைய பாதையை ஒவ்வொரு பருவமாகப் பிரித்துப் பார்த்தால், சிக்கல் எங்கே நுழைந்தது என்பது தெரியும்.

மான்செஸ்டர் சிட்டி அவரை 2020-21 பருவத்தில் இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் ஆடிய ராச்டேல் அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்பியது. அந்த அணி அப்பருவத்தின் முடிவில் நான்காம் அடுக்குக்கு இறங்கிப்போனது. வெளியிலிருந்து பார்த்தால் தோற்ற அணியில் வீணான ஓர் ஆண்டு என்று தோன்றும். ஆனால் ஒரு பதின்வயது கோல்கீப்பருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வாய்ப்பது அரிது. பெரிய கிளப்புகளின் இளைஞர் அணி ஆட்டங்களில் கார்னர் வரும்போது எவரும் கோல்கீப்பரின் மார்பில் முதுகைச் சாய்த்து நின்று அவரை நகரவிடாமல் செய்வதில்லை. லீக் ஒன்னில் அதற்கென்றே ஓர் ஆளை நிறுத்துவார்கள். நீளமான த்ரோக்கள், காற்றில் தொங்கும் கிராஸ்கள், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் இந்த ஆட்டச் சம்பளத்தை நம்பி நிற்கிற முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரர்கள் முன்னால் நிற்க, அவர்களுக்கு 18 வயதில் கத்திக் கட்டளையிட வேண்டிய நிலை, இவையெல்லாம் பயிற்சித் திடலில் கற்பிக்க முடியாதவை. அது பெருந்தொற்றுக் காலம் என்பதால் அரங்குகள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. ரசிகர்களின் வசையைக் கேட்க வேண்டியிராமல் அந்தப் பாடத்தைப் படித்தது அவருக்குக் கிடைத்த தற்செயலான சலுகை என்றும் சொல்லலாம்.

அடுத்த பருவம் போர்ட்ஸ்மவுத். அதே அடுக்குதான், ஆனால் பெரிய ரசிகர் கூட்டமும் மேலேறியே தீர வேண்டும் என்ற அழுத்தமும் உள்ள கிளப். அணி 10-ஆம் இடத்தில்தான் முடித்தது. பஸுனு மட்டும் பருவம் முழுவதும் நிலையாக ஆடினார். அந்த இரண்டு ஆண்டுகளையும் பார்த்தால், மேலே ஏறும் ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடச் சற்றே உயரமாக, கால் எட்டும் தொலைவில் இருந்தது.

அதன்பின் வந்ததுதான் பெரிய தாவல். 2022 கோடையில் சவுத்தாம்ப்டன் ஏறத்தாழ 1.2 கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கி, 20 வயதிலேயே பிரீமியர் லீக்கின் முதல் கோல்கீப்பராக்கியது. அந்தக் கோடையில் அந்தக் கிளப் இளைஞர்களை வாங்கி வளர்த்து விற்பது என்ற கொள்கையை முழுமூச்சாகக் கையாண்டது. மான்செஸ்டர் சிட்டியிலிருந்து மட்டும் பஸுனுவோடு ரோமியோ லவியா, சாமுவேல் எடோசி, ஹுவான் லாரியோஸ் ஆகியோரும் வந்தார்கள். தனித்தனியே பார்த்தால் எல்லோரும் திறமைசாலிகள். ஆனால் இளம் கோல்கீப்பருக்கு முன்னால் அனுபவமுள்ள தடுப்பு வரிசை வேண்டும் என்ற பழைய விதி அங்கே கைவிடப்பட்டது. முதல் ஆட்டத்தில் டாட்டன்ஹாமிடம் 4-1 தோல்வி. ஒரே பருவத்தில் ஹாசன்ஹுட்டல், நேதன் ஜோன்ஸ், ரூபன் செல்லெஸ் என்று மூன்று மேலாளர்கள். தடுப்பு வரிசை எவ்வளவு மேலேறி நிற்க வேண்டும், கோல்கீப்பர் எங்கே நிற்க வேண்டும், பந்தை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மேலாளருக்கு மேலாளர் மாறும். 25 புள்ளிகளோடு கடைசி இடத்தில் இறங்கிய அந்த அணி 73 கோல்கள் வாங்கியது.

இதில் பஸுனுவுக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தன்னை நோக்கி வந்த ஷாட்களின் தரத்தை வைத்து எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையைவிட அதிகமான கோல்களை அவர் வாங்கினார் என்பதைப் புள்ளிவிவரக்காரர்கள் அந்தப் பருவம் முழுவதும் எடுத்துக்காட்டினார்கள். பருவத்தின் கடைசிப் பகுதியில் அவரை வெளியே அமர்த்திவிட்டு மூத்த கோல்கீப்பர் அலெக்ஸ் மெக்கார்த்தியை இறக்கினார்கள். என் வாதம் வேறு: ஒரு கோல்கீப்பர் 20 வயதில் செய்யும் பிழைகளைச் செய்துமுடிக்க இடம் கொடுக்கும் அணி தேவை. ஒவ்வொரு கோலும் கீழிறங்கும் பயத்தை ஏற்றுகிற அணியில் அந்த இடம் கிடையாது.

கடைசி நிமிடம் எழுதியது:

ஒன்றாம் எண் அவர்களின் விவரிப்பை ஏற்கிறேன். ஆனால் அதில் ஒரு முக்கியமான திருப்பம் விடுபட்டுள்ளது.

சவுத்தாம்ப்டன் இரண்டாம் அடுக்குக்கு இறங்கியபின், 2023-24 பருவத்தில் ரஸல் மார்ட்டினின் கீழ் பஸுனு மீண்டும் முதல் தேர்வானார். கோல்கீப்பரின் காலிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கும் மேலாளர் அவர். பஸுனுவின் கால் ஆட்டம் அதற்குப் பொருந்தியது. பருவம் ஏறக்குறைய முடியும் நேரத்தில், 2024 ஏப்ரலில் பிரெஸ்டன் அணியுடனான ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பில் அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. எதிரணி வீரர் எவரும் அருகில் இல்லாத நேரத்தில் நிகழ்ந்தது அது. அடுத்த மாதம் வெம்பிளியில் லீட்ஸை 1-0 என்று வென்று அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியபோது வலையைக் காத்தவர் மெக்கார்த்தி. பஸுனு குணமடைவதற்குள் கிளப் இன்னொரு கோல்கீப்பரான ஆரன் ராம்ஸ்டேலை விலைக்கு வாங்கியிருந்தது.

அந்தக் காயம் நிகழாமல் இருந்திருந்தால் இந்தத் திரியே தொடங்கப்பட்டிருக்காது. குதிகால் தசைநார் என்பது கோல்கீப்பர் பாய்வதற்கு உந்தித்தள்ளும் கயிறு. அது அறுந்தவர் திடலுக்குத் திரும்பவே பல மாதங்கள் ஆகும், தரையை உதைக்கும்போது இருந்த பழைய நம்பிக்கை திரும்ப அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். ஆகவே சீக்கிரம் இறக்கியதா, அவசரத் தாவலா என்று விவாதிக்கும்போது, வெறும் துரதிர்ஷ்டத்துக்கும் அதற்குரிய பங்கைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மழைநாள் மைதானம் எழுதியது:

கெலஹரின் காத்திருப்பை ஒரு முன்மாதிரியாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைய முடிவை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்ப்பதால் அது திட்டமிட்ட பொறுமைபோலத் தோன்றுகிறது.

கார்க் நகரின் ரிங்மஹன் ரேஞ்சர்ஸ் என்ற சிறுவர் கிளப்பில் தொடக்கத்தில் ஸ்டிரைக்கராக ஆடியவர் அவர், பதின்வயதில்தான் கோல்கீப்பரானார். 2015-இல் லிவர்பூலுக்குப் போனார். 2019 செப்டம்பரில் லீக் கோப்பையில் மில்டன் கீன்ஸ் டான்ஸ் அணிக்கு எதிராக முதல் ஆட்டம். 2020 டிசம்பரில் அலிசன் காயமுற்றிருந்தபோது அயாக்ஸ் அணிக்கு எதிராகச் சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கி ஒரு கோலும் விடாமல் காத்தார். 2022 லீக் கோப்பை இறுதியாட்டத்தில் செல்சிக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டில், இரு அணிகளின் களவீரர்கள் அனைவரும் அடித்து முடித்தபின் பதினோராவது பெனால்டியைத் தானே அடித்து வலையில் சேர்த்தார். எதிரில் செல்சி கோல்கீப்பர் கெப்பா தன்னுடையதை வானத்துக்கு அனுப்பினார். முன்னாள் ஸ்டிரைக்கர் என்பது அங்கே உதவியது போலும். 2024 நவம்பரில் ரியல் மாட்ரிடுக்கு எதிராக எம்பாப்பேயின் பெனால்டியைத் தடுத்தார்.

இவ்வளவு செய்தும், லிவர்பூலில் பத்தாண்டுகளில் அவர் ஆடிய ஆட்டங்கள் 67 மட்டுமே. ஒருமுறைகூட லோனில் வெளியே போனதில்லை. இதற்கிடையே கிளப் ஜார்ஜியாவின் கோல்கீப்பர் மமர்தாஷ்விலியை வாங்கிவைத்து, அலிசனுக்குப் பின்னும் அந்த இடம் அவருக்கில்லை என்று தெளிவாக்கியது. 2025 கோடையில் பிரென்ட்ஃபோர்ட் போனபோதுதான் ஒரு கிளப்பின் முதல் தேர்வு என்ற நிலை அவருக்கு வாய்த்தது. அப்போது வயது 26. அதே பஸுனு 22 வயதுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மூத்தோர் ஆட்டங்களை முடித்திருந்தார்.

காத்திருந்த காலத்திலும் கெலஹர் கெட்டுப்போகவில்லை என்றால் அதற்குக் காரணம், அலிசனின் காயங்களும் கோப்பை ஆட்டங்களும் அவருக்கு அவ்வப்போது வலுவான தடுப்பு வரிசைக்குப் பின்னால் வாய்ப்புக் கொடுத்ததே. அலிசன் ஒரு பருவத்தில்கூடக் காயப்படாதவராக இருந்திருந்தால் கெலஹரின் கதையை இன்று எவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஒப்பிட வேண்டுமானால் இன்னோர் அயர்லாந்து கோல்கீப்பரான மார்க் டிராவர்ஸைப் பாருங்கள். 2019 மே 4 அன்று 19 வயதில் போர்ன்மவுத் அணிக்காக டாட்டன்ஹாமுக்கு எதிராக முதல் பிரீமியர் லீக் ஆட்டம்; ஒரு கோலும் விடாமல் 1-0 வெற்றி, ஆட்ட நாயகன் விருது. அடுத்த பருவத்தில் அந்த இடத்தைப் பிடித்தவர், மேலே பேசிய அதே ராம்ஸ்டேல். அயர்லாந்து கோல்கீப்பர்களின் வழியில் குறுக்கிடுவதையே அவர் தொழிலாக வைத்திருக்கிறாரோ என்று எனக்கு ஐயம் உண்டு.

2021 மார்ச்சில் பெல்கிரேடில் செர்பியாவுக்கு எதிராக டிராவர்ஸ் தேசிய அணிக்கு ஆடினார். வலையைவிட்டுச் சற்று முன்னே நின்றிருந்த அவருடைய தலைக்கு மேலாக மித்ரோவிச் பந்தைத் தூக்கிப்போட்டுக் கோலாக்கினார். மூன்று நாள் கழித்து அந்த இடத்தில் நின்றவர்தான் பஸுனு. நடுக்கோடு குறிப்பிட்ட லக்சம்பர்க் ஆட்டம் அதுவே. பின்னர் 2021-22 பருவத்தில் போர்ன்மவுத் பிரீமியர் லீக்குக்கு ஏறியபோது டிராவர்ஸ் ஏறத்தாழ எல்லா லீக் ஆட்டங்களிலும் ஆடினார். ஏறியபின் ஆகஸ்ட் மாதம் லிவர்பூலிடம் 9-0 தோல்வி; அடுத்த ஆட்டத்திலேயே கிளப்பின் இன்னொரு கோல்கீப்பரான நெட்டோ உள்ளே வந்துவிட்டார்.

இளம் கோல்கீப்பர் முதல்முறை உள்ளே நுழைவது பெரிய செய்தியாகிறது. பிழைக்குப் பின் அவரை மறுபடி இறக்குகிறார்களா என்பதை எவரும் கவனிப்பதில்லை.

நடுக்கோடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. டிராவர்ஸின் பெல்கிரேட் ஆட்டத்தை நான் மறந்தே போயிருந்தேன். பஸுனுவுக்குக் கதவு திறந்ததே இன்னொருவரின் பிழையால்தான் என்பது இப்போது விளங்குகிறது.

ஒரு துணைக்கேள்வி. ஷே கிவன் காலத்தில் இப்படி இல்லையே? அவர் 19 வயதில் தேசிய அணிக்கு வந்து, 134 ஆட்டங்கள் ஆடிவிட்டுப் போனார். அன்றைக்குச் சாத்தியமானது இன்றைக்கு ஏன் சாத்தியமில்லை? இனிமேல் வரப்போகும் பையன்களுக்கு எந்தப் பாதை மிஞ்சியுள்ளது?

ஒன்றாம் எண் எழுதியது:

கிவனின் பாதையும் நேராக இருந்ததில்லை. டொனகால் மாவட்டத்தின் லிஃபர்டிலிருந்து செல்டிக் கிளப்பின் இளைஞர் அணிக்குப் போனார். அங்கே மூத்தோர் அணியில் இடம் கிடைக்கவில்லை. 1994-இல் பிளாக்பர்னுக்குப் போனால் அங்கே டிம் ஃபிளவர்ஸ் என்ற இங்கிலாந்து கோல்கீப்பர் அசையாமல் நின்றார். 1996-இன் தொடக்கத்தில் சண்டர்லாந்துக்கு லோனில் போய் 17 லீக் ஆட்டங்களில் 12-இல் கோல் விடாமல் காத்ததுதான் அவரை வெளியே தெரியவைத்தது. அந்த மார்ச் மாதமே ரஷ்யாவுக்கு எதிராக, மிக் மெக்கார்த்தி மேலாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்தில், தேசிய அணிக்குள் வந்தார். அன்று 2-0 என்று தோற்றார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகும் மெக்கார்த்தி அவரைத் தொடர்ந்து நம்பினார் என்பதைக் கவனியுங்கள். 1997-இல் கிவனை நியூகாசிலுக்கு அழைத்துச் சென்றவரோ, பிளாக்பர்னுக்கு அவரை முதலில் கொண்டுவந்த அதே கென்னி டால்கிளிஷ். மழைநாள் மைதானம் சொன்ன இரண்டாம் வாய்ப்பு, கிவனுக்கு அவரை முன்பே அறிந்த மனிதர்களிடமிருந்து கிடைத்தது. இன்றைய கிளப்புகளில் மேலாளரின் ஆயுள் பல நேரங்களில் ஒரு பருவம்கூட இல்லை; வாங்கியவர் ஒருவர், ஆடவைப்பவர் இன்னொருவர், உட்காரவைப்பவர் மூன்றாமவர்.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கெலஹர் 16 வயதில் லிவர்பூலுக்கும், டிராவர்ஸ் 17 வயதில் போர்ன்மவுத்துக்கும், பஸுனு 17 வயதில் மான்செஸ்டர் சிட்டிக்கும் போனார்கள். இந்த மூவரும் நடந்த அந்தச் சாலை இப்போது மூடப்பட்டுவிட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களை நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்பது ஃபிஃபாவின் பொது விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 வயது முதல் அதற்கு விலக்கு உண்டு. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியதன் விளைவாக, 2021 ஜனவரி முதல் இங்கிலாந்து கிளப்புகளுக்கு அந்த விலக்கு இல்லை. ஐரிஷ் குடிமக்களுக்குப் பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை முன்போலவே இருப்பதால், 18 நிறைந்ததும் அவர்கள் மற்ற நாட்டவரைப் போல வேலை அனுமதிக்குரிய புள்ளிகளுக்குக் காத்திராமல் போய்விடலாம். 18 வரை மட்டும் சொந்த நாட்டிலோ ஐரோப்பாவின் வேறு நாட்டிலோதான் ஆட வேண்டும்.

இதை இழப்பு என்று புலம்புவோர் பலர் உண்டு. கோல்கீப்பர்களைப் பொறுத்தவரை எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு 16 வயதில் இங்கிலாந்து போன ஐரிஷ் பையன்களில் பெரும்பாலோர் இளைஞர் அணிகளிலேயே சில ஆண்டுகள் கழித்துவிட்டு, மூத்தோர் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் ஊர் திரும்பினார்கள். மூவரில் பஸுனு ஒருவர்தான் கிளம்புவதற்கு முன்பே சொந்த நாட்டில் புள்ளிகளுக்காக ஆடும் மூத்தோர் ஆட்டத்தை ருசித்தவர். ராச்டேலில் 18 வயதில் அவர் தடுமாறாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இப்போதைய விதி எல்லாப் பையன்களையும் அவர் தொடங்கிய இடத்திலேயே தொடங்கவைக்கிறது.

ஆனால் இடம்தான் குறைவு. அயர்லாந்து பிரீமியர் பிரிவில் பத்தே அணிகள். ஆக, வாரந்தோறும் பத்துக் கோல்கீப்பர்கள்தான் ஆடுவார்கள். முன்னணி வீரரை எழுபதாவது நிமிடத்தில் மாற்று வீரராக இறக்கிப் பழக்கலாம். கோல்கீப்பரை அப்படிச் செய்ய முடியாது; ஆடினால் 90 நிமிடம், இல்லையேல் பெஞ்ச். ஐரோப்பியக் கிளப் போட்டிகளின் தகுதிச்சுற்றில் கிடைக்கும் பணத்தை நம்பியிருக்கும் கிளப்பின் மேலாளர் 17 வயதுப் பையனைத் துணிந்து இறக்குவது எளிதல்ல. 2018-இல் ரோவர்ஸ் பஸுனுவை இறக்கிய சில வாரங்களிலேயே, தேர்ந்த மூத்த கோல்கீப்பரான ஆலன் மானஸைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அது பஸுனுவின் மீதான அவநம்பிக்கை அல்ல. ஓரிரு மாதங்களுக்குமேல் அந்தச் சுமையை ஒரு பள்ளி மாணவன் தோளில் வைக்க வேண்டாம் என்ற முன்யோசனையாகவே எனக்குப் படுகிறது. சவுத்தாம்ப்டனிலும் யாராவது அப்படி யோசித்து, 20 வயதுக்காரருக்கு அவ்வப்போது மூச்சுவிட இடம் கொடுத்திருக்கலாம்.

கடைசி நிமிடம் எழுதியது:

ஒரு சிறு திருத்தம்: சவுத்தாம்ப்டனில் அலெக்ஸ் மெக்கார்த்தி இருந்தாரே. மூத்த கோல்கீப்பர் பெஞ்சில் இருந்தார். அவரை எப்போது இறக்குவது என்ற முடிவைத்தான் பிழைகள் குவியும்வரை தள்ளிப்போட்டார்கள். முன்கூட்டியே ஓய்வு கொடுத்து வெளியே எடுப்பதும், நான்கு கோல் வாங்கவைத்துவிட்டு வெளியே எடுப்பதும் ஒரு கோல்கீப்பருக்கு வேறுவேறு செய்திகள். மற்றபடி பஸுனு 2002 பிப்ரவரியில் பிறந்தவர். கெலஹர் பிரென்ட்ஃபோர்ட் போன வயதை அவர் இன்னும் தாண்டிவிடவில்லை.

நடுக்கோடு எழுதியது:

அப்படியானால் இனி அயர்லாந்து லீக்கையே பார்க்கத் தொடங்குகிறேன். இந்தியாவிலிருந்து பார்க்க வழி உண்டா? பருவம் எப்போது?

மழைநாள் மைதானம் எழுதியது:

2003 முதல் அங்கே கோடைப் பருவம்தான். பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் தொடக்கத்தில் முடியும். பெரும்பாலான ஆட்டங்கள் வெள்ளிக்கிழமை இரவு 7:45 மணிக்கு. நமக்கு அது சனிக்கிழமை அதிகாலை 12:15. அவர்கள் கடிகாரத்தை மாற்றாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 1:15. லீக்கின் சொந்த இணைய ஒளிபரப்பான எல்ஓஐ டிவியில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அணிப்பட்டியல் வந்ததும் கோல்கீப்பர்களின் பிறந்த ஆண்டை முதலில் பாருங்கள். 2008-க்குப் பின் பிறந்த பெயர் தெரிந்தால் இங்கே வந்து சொல்லுங்கள், நானும் விழித்திருப்பேன்.